'இன்' வந்தால் 'இல்லை'யா?

ஒரே எழுத்துகளில் தொடங்கும் ஆங்கில வார்த்தைகளைச் சேர்த்துப் படிச்சா சீக்கிரம் மனசுல நிக்கும். 'விசிபிள்' கண்ணுக்குத் தெரிவது, 'இன்விசிபிள்' தெரியாதது. 'கம்ப்ளீட்' முழுமை, 'இன்கம்ப்ளீட்' அரைகுறை. நம்ம நீதி, அநீதி மாதிரிதான்.

ஆனா ஒரு வார்த்தையில் ஜாக்கிரதை! கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் போகும் டேங்கர் லாரிகளின் பின்னால் 'ஹைலி இன்ஃபிளேமபிள்' என்று எழுதியிருக்கும். 'ஃபிளேம்' என்றால் தீச்சுடர். அப்போ இது தீப்பிடிக்காததா? ஐயோ, இல்லை! சட்டென்று பற்றிக்கொள்ளும் என்று அர்த்தம். லத்தீன் மொழியில் இரண்டு 'இன்' உண்டு. ஒன்று 'இல்லை', இன்னொன்று 'உள்ளே'. இது அந்த இரண்டாவது 'இன்'. மூச்சை உள்ளே இழுக்கும் 'இன்ஹேல்' கூட இதன் தங்கச்சிதான்.

இந்தக் குழப்பம் உயிருக்கே ஆபத்து என்று 1920-களிலேயே அமெரிக்கத் தீத்தடுப்புச் சங்கம், 'இன்' வேண்டாம், 'ஃபிளேமபிள்' என்றே எழுதுங்கள் என்றது. இரண்டுக்கும் ஒரே அர்த்தம்! (இங்கிலீஷுக்கு மட்டும் எப்படித்தான் இப்படித் தோணுதோ!) நம்ம ரோட்டில் இன்னும் பழைய வார்த்தைதான் ஓடுது. பெயிண்ட்டில் கலக்கும் தின்னர் டின்னிலும் பாருங்க.

கம்பெனிக்குப் போகும் அப்பா, அண்ணன், அக்காவிடம் இன்னிக்கே சொல்லுங்க. அந்த வார்த்தை இருக்கிற இடத்தில் பீடி, தீக்குச்சி கூடாது. நிஜமாவே தீப்பிடிக்காத பொருளுக்கு 'நான்-ஃபிளேமபிள்' என்று போட்டிருப்பாங்க.