அஞ்சு பெட்டி வேணுமா, ரெண்டு பெட்டி போதுமா?



நம் பள்ளி ஹாலில் உள்ள கம்ப்யூட்டருக்குப் புது ஸ்பீக்கர் வாங்க முன்னாள் மாணவர்கள் பணம் தந்திருக்கிறார்கள். "5.1 வாங்குவோம், சும்மா அதிரும்" என்று பத்தாம் வகுப்பு அண்ணன்கள் சொல்கிறார்கள். இருக்கிற 2.1 செட்டே போதும் என்று சிலர் சொல்கிறார்கள். சரி, 5.1 என்றால் என்ன என்று கேட்டால் "அஞ்சு பெட்டி" என்பதோடு பாதிப் பேர் நின்றுவிடுகிறார்கள். எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் சேனல் என்ற சொல்லைப் பார்ப்போம். வில்லியனூர் தேர்த் திருவிழாவுக்கு மைக்செட் கட்டுவதை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். தெரு நெடுக இருபது குழாய் கட்டினாலும் இருபதிலும் ஒரே பாட்டு, ஒரே குரல். அது ஒரு சேனல்தான். பெட்டியை எண்ணினால் சேனல் வராது. ஒவ்வொரு பெட்டிக்கும் வேறு வேறு ஒலி போனால்தான் அது தனித்தனி சேனல்.

இரண்டு சேனல் இருந்தால் ஸ்டீரியோ. இங்கிலாந்தில் ஆலன் புளூம்லைன் என்ற பொறியாளர் 1931-இல் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். நமக்கு இரண்டு காது இருப்பதால்தான் இது வேலை செய்கிறது. இடது பக்கம் ஒருவர் கூப்பிட்டால் அந்தச் சத்தம் இடது காதுக்கு முதலில் வரும், வலது காதுக்குக் கொஞ்சம் பிந்தி வரும். எவ்வளவு பிந்தி? ஒரு நொடியை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு கூட இல்லை. அதை வைத்தே மூளை திசையைச் சொல்லிவிடுகிறது. நினைத்தால் ஆச்சரியமாகத்தான் இருக்கு.

5.1-இல் முன்னால் இடது, வலது, நடு என்று மூன்று பெட்டி. பின்பக்கம் இரண்டு. அந்தப் புள்ளி ஒன்று என்பது தரையில் வைக்கும் வூஃபர். சுமார் 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள 'தும் தும்' மட்டும்தான் அதன் வேலை, அதனால்தான் முழு எண் கொடுக்காமல் புள்ளி ஒன்று என்கிறார்கள். 1992-இல் வந்த 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்', 1993-இல் வந்த 'ஜுராசிக் பார்க்' ஆகிய படங்களிலிருந்து இந்த டிஜிட்டல் 5.1 தியேட்டர்களில் பரவியது. அப்புறம் 2012-இல் நம்ம 'சிவாஜி 3டி' டால்பி அட்மாஸ் முறையில் வந்தது. அதில் தலைக்கு மேலேயும் ஸ்பீக்கர் உண்டு, 64 வரை போகலாம்.

வூஃபர் ஏன் ஒன்று போதும்? சத்தம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. 50 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு அலை கிட்டத்தட்ட 7 மீட்டர் நீளம், நம் வகுப்பறை அளவு! அவ்வளவு பெரிய அலை எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று நம் சின்னத் தலையால் பிரித்துச் சொல்ல முடியாது. எனவே அதை எங்கே வைத்தாலும் பரவாயில்லை. ஆனால் சிமெண்ட் சுவர் மூலையில் வைத்தால் மட்டும் பானைக்குள் பேசுவது போல் குமுறும்.

இப்போது முக்கியமான விஷயம், நடுப் பெட்டி. 5.1 படங்களில் பேச்சு பெரும்பாலும் அதில்தான் வருகிறது. போன மாதம் ஹாலில் பென் டிரைவில் ஒரு விலங்குப் படம் போட்டார்கள், ஞாபகம் இருக்கா? யானை பிளிறுது, மழை பெய்யுது, விளக்கம் சொல்கிறவர் குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. ஸ்பீக்கர் போச்சு என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். கம்ப்யூட்டர் ஆசிரியருடன் சேர்ந்து பார்த்தபோது ஒலி அமைப்பில் 5.1 என்று யாரோ வைத்திருந்தது தெரிந்தது. நடுப் பெட்டிக்கான குரல், எதுவுமே செருகாத ஓட்டைக்குப் போய்க்கொண்டிருந்தது. ஸ்டீரியோ என்று மாற்றியதும் கம்ப்யூட்டரே அந்தக் குரலை இடது வலதில் கலந்து கொடுத்துவிட்டது. ஒரு ரூபாய் செலவில்லை.

அப்படியும் 5.1 வேண்டும் என்றால் கடையில் சிலவற்றைப் பார்க்கணும். அட்டைப்பெட்டியில் ஆயிரக்கணக்கில் பி.எம்.பி.ஓ. வாட்ஸ் என்று போட்டிருந்தால் மயங்க வேண்டாம், அதற்குப் பொதுவான அளவுமுறையே கிடையாது. ஆர்.எம்.எஸ். எவ்வளவு என்று கேளுங்கள். வாட்ஸ் இரண்டு மடங்கானாலும் சத்தம் 3 டெசிபல்தான் கூடும், காதுக்குக் கொஞ்சம்தான் தெரியும். அடுத்து ஒயர். நிஜமான 5.1-க்குக் கம்ப்யூட்டரிலிருந்து பச்சை, கறுப்பு, ஆரஞ்சு என்று மூன்று பின் போகணும். லேப்டாப்பில் ஒரே ஒரு ஹெட்போன் ஓட்டை. அதில் பச்சையை மட்டும் செருகினால் வருவது இரண்டு சேனல்தான். தனியாக யூ.எஸ்.பி. சவுண்ட் கார்டு வாங்கணும். ப்ளூடூத்தில் பாட்டு அனுப்புவதும் சாதாரணமாக இரண்டு சேனல்தான். அதே பாட்டை எல்லாப் பெட்டியிலும் பாட வைப்பார்கள். அது திருவிழாக் குழாய்க் கதை. எம்.பி.3 பாட்டும் இரண்டு சேனல்தான்.

பாகூரில் என் மாமா வீட்டில் 5.1 செட் இருக்கு. படத்தில் மழை பெய்யும்போது பின்னால் ஜன்னல் திறந்திருக்கா என்று திரும்பிப் பார்த்தேன், அவ்வளவு நன்றாக இருந்தது. ஒருவர், இருவர் நடுவில் உட்கார்ந்து படம் பார்க்க அதைப் போல ஒன்று இல்லை. ஆனால் நம் ஹாலில் நூறு பேர். பின் பெட்டிகளுக்குப் பக்கத்தில் உட்கார்வது யார்? கடைசி பெஞ்ச். பாடம் முன்னால் நடக்கும், அவர்கள் காதில் காற்றும் பறவையும்தான் கேட்கும். என் தோழி ஒருத்திக்கு ஒரு காது மட்டும்தான் கேட்கும் (அவளைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்). அவளுக்குத் திசையெல்லாம் தெரியாது. "குரல் தெளிவா வந்தா போதும்டீ" என்கிறாள்.

என் கருத்து இது. முன்னால் இரண்டு நல்ல பெட்டி, எல்லார் தலைக்கும் மேல் உயரத்தில். தரையில் வைத்தால் முதல் வரிசை முதுகே சத்தத்தை மறைத்துவிடும். பணம் மிஞ்சினால் ஹாலின் பாதியில் இன்னும் இரண்டு பெட்டி, அதே குரலோடு. திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் 6 டெசிபல் குறையும். அறைக்குள் அவ்வளவு குறையாவிட்டாலும், தூரத்தில் பேச்சை எதிரொலி விழுங்கிவிடும். அதனால்தான் மைக்செட் அண்ணன் தெரு நெடுகக் குழாய் கட்டுகிறார். பேச்சுக்கு அவர் முறைதான் சரி. தெருவில் தூரம் அதிகமாவதால் "வாங்க... வாங்க" என்று இரண்டிரண்டு தடவை கேட்கும். நம் ஹாலில் ஏழெட்டு மீட்டர்தான் இடைவெளி, சத்தம் நொடியில் ஐம்பதில் ஒரு பங்குதான் பிந்தும், காதுக்குத் தெரியாது.

வாங்குவதற்கு முன்னால் ஒரு சோதனை. வெள்ளிக்கிழமை மதியம் பழைய பெட்டி இரண்டையும் பீரோ மேல் ஏற்றி, சொல்வது எழுதுதல் போடப் போகிறோம். கடைசி இரண்டு வரிசையில் உட்கார்ந்து எழுத 20 பேர் வேணும். எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பு யாராக இருந்தாலும் வியாழக்கிழமைக்குள் கம்ப்யூட்டர் அறையில் பெயர் கொடுங்கள். பேனா நீங்கள் கொண்டு வரணும், பேப்பர் நாங்கள் தருகிறோம்.