ராமானுஜன் பட்டியலில் விடுபட்ட எண்

யான் என்னும் ஊரில், குனோங் ஜெராய் மலையடிவாரத்தில், தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலை வேளையில் கணக்குச் சொல்லித் தருகிறேன். காரணியை விளக்க ரப்பர் கொட்டைகளே போதும். 12 கொட்டைகளைக் கொடுத்து, மிச்சம் வராமல் சம வரிசைகளாக அடுக்கச் சொல்வேன். ஒரு வரிசை, இரண்டு, மூன்று, நான்கு, ஆறு, பன்னிரண்டு என்று ஆறு விதமாக அடுக்கிவிடுவார்கள்; இந்த ஆறும்தான் 12-இன் காரணிகள். 13 கொட்டைகள் என்றால் இரண்டே விதம்தான்.

12-க்குக் கீழே எந்த எண்ணுக்கும் ஆறு காரணிகள் கிடையாது. இப்படித் தனக்கு முந்திய எல்லாவற்றையும் காரணிகளின் எண்ணிக்கையில் மிஞ்சுகிற எண்களைத்தான் ராமானுஜன் ஆராய்ந்தார். 24, 36, 48, 60, 120 என்று அந்த வரிசை நீளும். கேம்பிரிட்ஜில் இருந்தபோது, 1915-இல், லண்டன் கணிதச் சங்கத்தின் இதழில் அந்த ஆராய்ச்சி கட்டுரையாக வந்தது. சங்கத்துக்குப் பணமுடை; அதனால் ஒரு பகுதி அச்சேறாமலே நின்றுவிட்டது. நம் மேடைகளில் ராமானுஜன் என்றாலே 1729 என்ற எண்ணின் கதைதான். அது நல்ல கதைதான், மறுக்கவில்லை. ஆனால் பிள்ளைகள் பென்சிலும் தாளுமாக உட்கார்ந்து தாங்களே சரிபார்க்க ஏற்றது இந்தக் கட்டுரையிலுள்ள பட்டியல்தான் என்பேன்.

பட்டியலில் 102 எண்கள். கடைசி எண் 6,746,328,388,800. பதின்மூன்று இலக்கம், பார்த்ததும் பிள்ளைகள் மலைத்துப்போவார்கள். பகா எண்களாகப் பிரித்துவிட்டால் மலைப்பு தீர்ந்துவிடும். 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5-உம் 7-உம் இரண்டிரண்டு முறை, பிறகு 11, 13, 17, 19, 23 ஒவ்வொரு முறை. இவ்வளவையும் பெருக்கினால் அந்த எண். பட்டியலிலுள்ள எந்த எண்ணிலும் பெரிய பகா எண் சிறியதைவிட அதிக முறை வரவே வராது. வந்தால் இரண்டையும் இடம் மாற்றி, அதே அளவு காரணிகள் கொண்ட சிறிய எண்ணை உண்டாக்கிவிடலாமே!

ஒரு காரணியை உருவாக்கும்போது 2-ஐ எடுக்காமலே விடலாம், அல்லது ஒன்று முதல் ஆறு முறை வரை எடுக்கலாம். ஆக ஏழு வழி. 3-க்கு ஐந்து வழி, 5-க்கும் 7-க்கும் மும்மூன்று, மற்ற ஐந்துக்கும் இரண்டிரண்டு. எல்லாவற்றையும் பெருக்கினால் 10,080 காரணிகள்.

அந்தப் பட்டியலில் ராமானுஜன் ஓர் எண்ணைத் தவறவிட்டார்: 293,318,625,600. அதை 23-ஆல் பெருக்கிப் பாருங்கள். பட்டியலின் கடைசி எண்ணே வந்து நிற்கும்! விடுபட்டது அதற்குள்ளேயே இருந்திருக்கிறது. 23 கழிந்துவிடுவதால் காரணிகள் சரிபாதி, 5,040.

இதைப் போட்டு முடித்ததும் ஒரு சிறுமி, "சார், 5,040-க்கு எத்தனை காரணி?" என்று கேட்டாள். 60. அவள் கேட்ட 5,040-உம், முன்னே வந்த 10,080-உம் ராமானுஜன் பட்டியலிலேயே இருக்கின்றன.