காவல் உள்ள காட்டுக்குள் மர நோய் நுழைவது எப்படி?

ஹவாய் தீவுகளின் மழைக்காடுகளில் மிகுதியாக வளர்வது ஓஹியா மரம். ஹவாய் எரிமலைகள் தேசியப் பூங்கா போன்ற பாதுகாக்கப்பட்ட காடுகளிலும் இம்மரங்கள் பட்டுப்போகின்றன. மழைக்குக் குறைவில்லாத மண்ணில் மரம் ஏன் காய்கிறது?

காரணம், 2014-இல் கண்டறியப்பட்ட ஒருவகைப் பூஞ்சை. பட்டையில் ஏற்படும் காயம் வழியாக அது உள்ளே நுழைந்து, நீர் ஏறும் நுண்குழாய்களில் வளர்கிறது.

இளநீர் குடிக்கும்போது உறிஞ்சுகுழலில் வழுக்கை சிக்கினால் என்ன ஆகும்? காய் நிறைய நீர் இருந்தும் ஒரு சொட்டும் மேலே வராது. ஓஹியாவின் நிலையும் இதுதான். வேரடியில் ஈரம் இருக்கும். இலைக்கு நீர் எட்டாது.

தொற்றிய மரம் பல மாதங்கள் பசுமையாகவே நிற்கலாம். பிறகு சில வாரங்களில் அதன் உச்சி முழுவதும் பழுப்பாகிவிடும்.

அடுத்த மரத்துக்கு நோய் எப்படிப் போகிறது? நோயுற்ற மரத்தைச் சிறு வண்டுகள் துளைக்கின்றன. அவை வெளியே தள்ளும் மரத்தூளில் பூஞ்சை உயிரோடு இருக்கும். காற்று அந்தத் தூளைப் பரப்புகிறது. காலணி, வாகனச் சக்கரம், வெட்டுக்கத்தி ஆகியவற்றில் ஒட்டியும் அது பயணிக்கிறது. காட்டுப்பன்றிகள் பட்டையைக் கிழித்துப் புதுக் காயங்களை உண்டாக்குகின்றன.

நோயுற்ற மரத்தைக் காப்பாற்றும் மருந்து இன்னும் இல்லை. எனவே தடுப்பே வழி: காலணிகளைத் துலக்கி 70 விழுக்காடு ஆல்கஹால் தெளிப்பது, மரத்தைக் காயப்படுத்தாமல் இருப்பது, ஓஹியா மரக்கட்டையை இடம் மாற்றாமல் இருப்பது, விலங்குகள் நுழையாமல் வேலியிடுவது.