பர்மா பிரிந்தபோது தஞ்சை நெல்லுக்கு என்ன ஆனது?

பிரெக்சிட்டால் பிரிட்டனுக்கு எவ்வளவு நஷ்டம்? ஐரோப்பிய ஒன்றியத்திலேயே இருந்திருந்தால் எட்டியிருக்கும் உற்பத்தித்திறனில் நாளடைவில் 4 சதவீதம் குறையும் என்கிறது அந்நாட்டின் பட்ஜெட் பொறுப்பு அலுவலகம். கொரோனாவையும் உக்ரைன் போரையும் கழித்துவிட்டுப் பேசுங்கள் என்கிறது எதிர்த்தரப்பு. பட்டுக்கோட்டைக்காரனான எனக்கு இந்த வழக்கு புதிதல்ல.

1930களில் பர்மா அரிசி கப்பல் கப்பலாக வந்து மலிவாக இறங்கியது. நெல் விலை விழுந்ததற்கு அதுதான் காரணம் என்று தஞ்சை மிராசுதார்கள் புலம்பினார்கள். பர்மாவும் பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம்; சுங்கவரி போட வழியில்லை. 1937 ஏப்ரல் 1 அன்று அது பிரிந்தது. ஆனால் வர்த்தக ஏற்பாடு பழையபடியே நீடித்தது. அரிசியும் வந்துகொண்டே இருந்தது. (பிரிட்டனும் 2020 ஜனவரியில் வெளியேறிவிட்டு, அந்த ஆண்டு முடியும்வரை பழைய விதிகளிலேயே ஓட்டியது.) நடுவில் உலகப் பெருமந்தம் வேறு. 1934ல் மேட்டூர் அணை திறந்து, கல்லணைக் கால்வாயில் எங்கள் பக்கத்து மேட்டுக்காட்டுக்கும் தண்ணீர் வந்து நெல் பெருகியது வேறு. இதில் பர்மாவின் பங்கை மட்டும் எப்படிப் பிரித்தெடுப்பது?

1942ல் ஜப்பான் ரங்கூனைப் பிடித்ததும் அரிசிக் கப்பல்கள் நின்றன. பிறகு தட்டுப்பாடு, விலையேற்றம், ரேஷன். பிரிவினை செய்யாததைப் போர் செய்தது.

பிரெக்சிட்டில் என் கட்சி இதுதான்: நஷ்டம் உண்டு, அதைப் புள்ளி வைத்துச் சொல்பவரை நான் நம்பமாட்டேன்.