திருவிழாக் கடை லேசர்: பிள்ளையின் கண்ணும் விமானியின் கண்ணும்

பங்குனி உத்திரம் முடிந்து சில வாரம் கழித்துத்தான் இந்தப் பிள்ளைகள் கண் மருத்துவரான என்னிடம் வருகிறார்கள். "போர்டுல எழுத்தோட நடுவுல மட்டும் ஒரு புள்ளி மறைக்குது" என்பான் பையன். அம்மாவின் கையில் சொட்டு மருந்துப் புட்டி, பாதிக்கு மேல் காலி. விசாரித்தால், எங்கள் ஊர் பெரியநாயகி அம்மன் கோயில் திருவிழாக் கடையில் வாங்கிய லேசர் லைட்டில் வந்து நிற்கும். யார் அதிக நேரம் இமைக்காமல் பார்ப்பது என்று பந்தயம் கட்டியிருப்பார்கள். இன்னும் துருவினால், "மாடியிலேர்ந்து பிளேனுக்கும் அடிச்சோம்" என்பார்கள்.

இரண்டாவது பதில்தான் என்னை இதை எழுத வைத்தது.

வானத்தில் நடப்பது

2025 மே மாதம், துபாயிலிருந்து முந்நூறுக்கும் மேற்பட்ட பயணிகளுடன் வந்த விமானம் சென்னையில் இறங்கும் நேரத்தில், பரங்கிமலைப் பக்கமிருந்து லேசர் ஒளி விமானியறைமீது பாய்ந்தது. விமானி கட்டுப்பாட்டு அறைக்குத் தகவல் சொல்லிவிட்டுப் பத்திரமாக இறக்கினார். அடுத்த மாதமே புனேயிலிருந்து வந்த விமானத்துக்கும் இதே கதி. 2021-இல் கொல்கத்தாவில் துர்கா பூஜைப் பந்தலின் லேசர் காட்சியையே விமானிகளின் புகாரால் நிறுத்தினார்கள். அமெரிக்காவில் 2023-இல் மட்டும் பதிவான புகார்கள் 13,304.

இரவில் விமானி அறை விளக்குகளைக் குறைத்து வைத்திருப்பார்; அவர் கண்மணி அகல விரிந்திருக்கும். ஓடுதளத்தின் விளக்கு வரிசையைத் தேடும் அந்தக் கண்ணில் லேசர் பட்டால் கண் கூசி, பிறகு ஒரு திட்டு மட்டுமே தெரியும். அது மறையச் சில நொடி ஆகும். சிலருக்கு நிமிடக்கணக்கும் ஆகலாம். இறங்கும் விமானமோ நொடிக்கு 70 மீட்டர் ஓடுகிறது.

நம் ஊர்க்காரர்கள் நம்புபவை

"இத்தனை தூரம் போனால் ஒளி வலு இழந்துவிடும்" என்கிறார்கள். வலு குறையும், உண்மைதான். அந்தத் தூரத்தில் விமானியின் விழித்திரை கருகுவது அபூர்வம். ஆனால் ஒளி விரிகிறது. ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் சுமார் ஒரு மீட்டர் அகலமாகிவிடும். விமானக் கண்ணாடியின் நுண்கீறல்களில் பட்டுச் சிதறி, முன்பக்கம் முழுவதும் வெளிச்சமாகிவிடும். கண்ணைக் கூசவைக்க அது போதும்.

"நம்ம ஊர் மேலே போகும் பிளேன் எங்கேயோ உயரத்தில் போகுது" என்பதும் சரியே. ஆனால் அதே பிள்ளைகள்தான் கோடை விடுமுறைக்குச் சென்னை விமான நிலையத்துக்கு அருகே பம்மல், அனகாபுத்தூர் உறவினர் வீட்டு மாடிக்குப் போகிறார்கள். அங்கே விமானம் தலைக்கு மேலேயே இறங்குகிறது.

"பேட்டரி விளக்குதானே?" ஒட்டியிருக்கும் சீட்டில் 5 மில்லிவாட்டுக்குள் என்று இருக்கும். மலிவான சாமான்களில் அந்தச் சீட்டை நம்பாதீர்கள். பச்சை லேசரில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரும் கசியலாம். அது பட்டால் இமைக்கக்கூடத் தோன்றாது.

லேசரை நேரே பார்த்த பிள்ளையின் கண்ணைப் பற்றியோ, "வலிக்கவில்லை, அதனால் ஒன்றுமில்லை" என்கிறார்கள். இந்த நம்பிக்கைதான் பிள்ளைகளைத் தாமதமாகக் கொண்டுவருகிறது. விழித்திரைக்கு வலி தெரியாது. கருகினாலும் சத்தமே வராது. ஒரு கண் பழுதானால் மறு கண் ஈடுகட்டிவிடுவதால், பையனுக்கே பல நாள் தெரிவதில்லை. கூலிங் கிளாஸும் காப்பாற்றாது.

கண்ணில் எதையும் ஊற்றாதீர்கள்

தாய்ப்பால், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைச் சாறு. இவை மூன்றையும் ஊற்றிவிட்டு, கண் சிவந்த பிறகு வருகிறார்கள். பாதிப்பு கண்ணின் பின்சுவரில். மேலே ஊற்றும் எதுவும் அங்கே போய் ஆற்றாது. கிருமித் தொற்று கூடுதலாக வரலாம், அவ்வளவுதான். அதைவிடக் கோபம் வருவது மருந்துக்கடைச் சொட்டு மருந்தைப் பார்த்தால். போன வருடம் பாட்டிக்கு எழுதிக்கொடுத்த ஸ்டீராய்டைப் பேரனுக்கு வாரக்கணக்கில் விடுவது என்ன வைத்தியம்? கண் அழுத்தம் ஏறலாம், புரையும் வரலாம். மருத்துவர் சீட்டில்லாமல் எடுத்துக் கொடுக்கும் கடைக்காரர்களும் இதைப் படிக்க வேண்டும்.

புள்ளி மறைத்தாலோ, கோடு வளைந்து தெரிந்தாலோ அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள். விழித்திரைப் பரிசோதனையும் ஸ்கேனும் போதும். சில கண்கள் மாதங்களில் தாமாகத் தேறும். சிலவற்றில் தழும்பு நிலைக்கும். தழும்பை அழிக்கும் மருந்து எங்களிடம் இல்லை.

கெஞ்சிக் கேட்கிறேன்

எங்களுடையது பட்டுத் தறி ஓடும் ஊர். அறுந்த இழையைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போட, நேரே பார்க்கும் பார்வை வேண்டும். நடுவில் புள்ளி மறைக்கும் பிள்ளை நாளை தறியிலும் உட்கார முடியாது, விமானம் ஓட்டவும் முடியாது.

அம்மாமார்களே, அப்பாமார்களே, லேசர் லைட்டை வாங்கித் தராதீர்கள். ஏற்கெனவே வீட்டில் இருந்தால் இன்றைக்கே பேட்டரியைக் கழற்றி எடுத்துவிடுங்கள். திருவிழாக் குழுவினரே, கடைக்கு இடம் கொடுக்கும்போதே இது கூடாது என்று சொல்லிவிடுங்கள். கச்சேரி மேடையில் லேசர் போடுவோர் அதை ஜனங்களின் முகத்துக்கும் வானத்துக்கும் திருப்பக் கூடாது. ஆசிரியர்களே, கோடை விடுமுறை விடுவதற்கு முன் வகுப்பில் ஐந்து நிமிடம் பேசுங்கள். சென்னைக்குப் போகும் பிள்ளையின் பையைப் பெற்றவர்கள் ஒருமுறை திறந்து பாருங்கள்.