உங்களுக்குத் தெரியுமா? சிறை சென்றவருக்கு அழைப்பு, செல்லாதவருக்குக் கதவடைப்பு!

2001-ல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் சமூகவியலாளர் டீவா பேஜர் ஒரு சோதனை நடத்தினார். இரண்டு வெள்ளையர் ஒரு ஜோடி, இரண்டு கறுப்பர் இன்னொரு ஜோடி. நால்வரும் கல்லூரி மாணவர்கள். தகுதியெல்லாம் ஒரே மாதிரி எழுதிக்கொண்டு 350 நிறுவனங்களில் வேலை கேட்டார்கள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒருவர், முறை வைத்து, போதைப்பொருள் வழக்கில் 18 மாதம் உள்ளே இருந்ததாகப் பொய் எழுதுவார்.

அப்படி எழுதிய வெள்ளையரை நூற்றுக்கு 17 நிறுவனங்கள் திரும்பக் கூப்பிட்டன. எந்த வழக்குமே இல்லாத கறுப்பரை? 14தான்! 'சிறை சென்ற' கறுப்பரை வெறும் 5. போதாக்குறைக்கு, போதை வழக்குகளில் மக்கள்தொகை விகிதத்துக்கு மேல் போலீஸ் கை விழுவது கறுப்பர் மேல்தான்.

இப்படிப் பழைய வழக்கால் கதவடைபடுவதைக் குறைக்க நியூயார்க் நகரில் 2015-ல் வந்த சட்டப்படி, வேலை தருவதாகச் சொன்ன பிறகே நிறுவனங்கள் அந்த வழக்கைப் பற்றிக் கேட்க முடியும்.