பவள நோய்கள்

பவள நோய்கள் என்பவை பவளப் பாறைகளை உருவாக்கும் உயிரிகளின் மென்திசுவைத் தாக்கி அழிக்கும் நோய்களாகும். பாக்டீரியாக்களும் பிற நுண்ணுயிரிகளும் இவற்றை உண்டாக்குகின்றன. நீரின் வெப்பம் கூடுதல், கலங்கல், கழிவுநீர் கலத்தல் ஆகியவை பவளத்தின் எதிர்ப்புத்திறனைக் குறைத்து நோய்க்கு வழிவிடுகின்றன. கடலிலும் உப்புநீர்த் தொட்டிகளிலும் இவை காணப்படுகின்றன.

மன்னார் வளைகுடாவில்

தாமிரபரணி ஆறு புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. அதற்கு வடக்கே தூத்துக்குடி முதல் இராமேசுவரம் வரை அமைந்த 21 தீவுகளைச் சுற்றிப் பவளப் பாறைகள் உள்ளன. இப்பகுதி 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் இங்கு பல ஆண்டுகள் பவளம் வெட்டி எடுக்கப்பட்டது. விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி ஆகிய இரு தீவுகள் கடலில் மூழ்கிவிட்டன. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளின் கோடையில் நீர் அளவுக்கு மீறிச் சூடானதால் பெருமளவில் பவள வெளிறல் ஏற்பட்டது.

வெளிறலும் நோயும்

பவளத்தின் திசுவுக்குள் நுண்பாசிகள் வாழ்ந்து, ஒளிச்சேர்க்கை மூலம் அதற்கு உணவளிக்கின்றன. வெப்பம் கூடும்போது பவளம் இப்பாசிகளை வெளியேற்றிவிடுகிறது. அப்போது நிறமற்ற திசுவின் வழியே வெள்ளை எலும்புக்கூடு தெரிகிறது. இதுவே வெளிறல். வெளிறிய பவளம் உயிருடன்தான் உள்ளது. சில வாரங்களில் நீர் குளிர்ந்தால் பாசிகளை மீண்டும் பெற்றுத் தேறக்கூடும். நோயில் திசுவே உரிந்து போகிறது; வெறும் எலும்புக்கூடு எஞ்சி, சில நாட்களில் அதன்மேல் பாசி படர்கிறது. இரண்டும் வெண்மையாகத் தோன்றுவதால் எளிதில் குழப்பம் நேர்கிறது.

நோயறிதல்

வெண்பகுதியில் சிறு உயிரிகளின் உணர்கொம்புகள் தெரிந்தால் அது வெளிறல். திசு இல்லாமல், உயிருள்ள பகுதிக்கும் வெற்றுப் பகுதிக்கும் இடையே தெளிவான எல்லைக்கோடு இருந்து, அது நாளுக்கு நாள் நகர்ந்தால் நோய் என்று கருதலாம். எனவே ஒரே இடத்தை அளவுகோலுடன் அடுத்தடுத்த நாட்களில் படமெடுத்து ஒப்பிடுவது அடிப்படையான முறையாகும்.

கரும்பட்டை நோயில் நீலப்பச்சைப் பாசிகளும் பாக்டீரியாக்களும் சேர்ந்த கரும்படலம் திசுவைத் தின்றபடி நகர்கிறது. வெண்பட்டை நோய் மான்கொம்புப் பவளங்களைத் தாக்குகிறது. தொட்டிகளில் பழுப்புக் கூழ் போன்ற படலம் தோன்றுவதுண்டு; அதில் குற்றிழை உயிரிகள் மிகுந்திருக்கும். முள்முடி நட்சத்திரமீனும் சில நத்தைகளும் தின்ற தழும்பும் வெண்மையாகவே இருக்கும் என்பதால், அருகில் அவை உள்ளனவா என்று முதலில் பார்க்க வேண்டும்.

சிகிச்சை

தொட்டியில் முதலில் வெப்பநிலை, உப்புத்தன்மை, காரத்தன்மை, கால்சியம் ஆகியவற்றை அளந்து சரிசெய்கின்றனர். நோயுற்ற பவளம் தனித் தொட்டிக்கு மாற்றப்படுகிறது. கூழ்ப்படலம் குழாயால் உறிஞ்சி அகற்றப்படுகிறது. பின்னர் நோயெல்லையைத் தாண்டி நல்ல பகுதியிலேயே வெட்டி, அயோடின் கலந்த தொட்டி நீரில் சில நிமிடங்கள் அமிழ்த்துகின்றனர். ஒட்டுண்ணிகளின் முட்டைகள் இதில் அழிவதில்லை. ஆகவே புதிய பவளங்களைச் சில வாரங்கள் தனியே வைத்துக் கண்காணிப்பது அவசியம்.

கடலில் இவ்வாறு செய்வது கடினம். 2014-இல் அமெரிக்காவின் புளோரிடாவில் தோன்றிய திசு இழப்பு நோய்க்கு, அமாக்சிசிலின் கலந்த பசையை முக்குளிப்போர் நோயெல்லையில் பூசினர். இதுவும் ஒவ்வொரு பவளமாகச் செய்ய வேண்டிய வேலை. மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் பவளங்களைக் கண்காணித்து, நலமான துண்டுகளைச் செயற்கைத் தளங்களில் நட்டு வளர்த்து வருகிறது. கழிவுநீரையும் வண்டலையும் குறைப்பதே நீடித்த தடுப்பாகும்.

சட்டநிலை

பாறை உருவாக்கும் கல் பவளங்கள், கரும்பவளங்கள், கடல் விசிறிகள் ஆகியவை 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. இவற்றைக் கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் குற்றமாகும். ஆகவே நோயுற்ற பவளத்தைக் கண்டால், சிகிச்சைக்காகக் கூட அதை எடுத்துச் செல்லாமல் வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.